வட்டி நாடகத்துக்குப் போகட்டும், முதல் அப்படியே இருக்கட்டும்

கேள்வி: கோத்தகிரியில் இருக்கிறேன், வயது 63. ஓய்வூதியம் மாதம் 38,000 ரூபாய், ஒரு ஏக்கர் தேயிலையும் உண்டு. வகுப்பில் வாயே திறக்காத என் பேத்தி, பள்ளிக்கு வந்த நாடகக் குழுவோடு நான்கு நாள் இருந்துவிட்டுக் கரடி வேஷத்தில் மேடையேறி உறுமினாள். அந்தக் குழுவை நடத்தும் அறக்கட்டளைக்கு 2 லட்சம் கொடுக்க ஆசை. 2023 ஜூனில் தபால் நிலையத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்ட 8 லட்சத்திலிருந்து எடுக்கலாமா? நன்கொடைக்கான 80ஜி வரிச் சலுகை கிடைக்குமா?

பதில்: அம்மா, முதலில் வரி விஷயத்தை முடித்துவிடுவோம். அதில் உங்களுக்கு லாபம் ஒன்றும் இல்லை. ஓய்வூதியம் ஆண்டுக்கு 4,56,000, சேமிப்பு வட்டி 65,600. வேறு வருமானம் இல்லையென்றால், 2025-26 கணக்கில் பழைய முறையானாலும் புதிய முறையானாலும் கழிவுகள் போக உங்கள் வரி பூஜ்யம்தான். பச்சைத் தேயிலை விற்ற காசு விவசாய வருமானம், அதற்கும் கவலை வேண்டாம். கட்டாத வரியில் எதைக் கழிப்பது? புதிய முறையில் 80ஜி கிடையவே கிடையாது.

ஆனாலும் 80ஜி பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். பதிவுள்ள அறக்கட்டளை ஆண்டுதோறும் நன்கொடை விவரங்களை வருமான வரித்துறையிடம் தாக்கல் செய்து, உங்களுக்கு 10பிஇ என்ற நன்கொடைச் சான்றிதழ் தர வேண்டும். அதைத் தரத் தயங்கினால் கணக்கு சரியில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். ரொக்கமாகக் கேட்டாலும் வங்கி வழியாகவே கொடுங்கள்.

அடுத்தது அந்த 8 லட்சம். இதில்தான் பலர் தவறுகிறார்கள். அந்தக் கணக்கில் 2 லட்சத்தை மட்டும் உருவ முடியாது. மொத்தமாக மூட வேண்டும். இரண்டு ஆண்டு தாண்டிவிட்டதால் அபராதம் 1 சதவீதம், அதாவது 8,000 ரூபாய். அதைவிடப் பெரிய இழப்பு, 8.2 சதவீத வட்டி நின்றுபோவது. அந்த வட்டிதான் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 16,400 ரூபாயாக உங்கள் கைக்கு வருகிறது.

அதில் ஏறக்குறைய பாதியை, 8,000 ரூபாயை, ஒவ்வொரு காலாண்டும் குழுவுக்கு அனுப்புங்கள். ஆண்டுக்கு 32,000. கேட்க 2 லட்சம் மாதிரி கம்பீரமாக இல்லைதான். ஆனால் மலையில் நாடகம் போடுகிறவர்களுக்குத் தொடர்ந்து வரும் செலவு ஜீப் வாடகை, சாப்பாடு, நடிகர்களின் கூலி. இதற்கு நன்கொடை தர யாரும் முன்வருவதில்லை.

நானே ஒருமுறை ஒரு குழுவுக்கு மொத்தமாக 50,000 கொடுத்தேன். ஒலிபெருக்கியும் விளக்கும் வாங்கினார்கள். அடுத்த பருவம் ஜீப்புக்குக் காசில்லை, குழு மலையேறவே இல்லை. அந்த ஒலிபெருக்கி இப்போது யார் வீட்டுப் பரணில் தூங்குகிறதோ!

எனவே கொடுக்கும் முன் அவர்களிடம் இரண்டு விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு பள்ளிக்குப் போய்வர என்ன செலவாகிறது? ஒரு நாள் நாடகம் காட்டிவிட்டுக் கிளம்புகிறார்களா, பிள்ளைகளோடு சில நாள் தங்கிப் பயிற்சி தருகிறார்களா? உங்கள் பேத்தி உறுமியது அந்த நான்கு நாளின் பலன். உங்கள் பணம் அந்த நாட்களுக்குத்தான் என்று கடிதத்தில் எழுதிக் கொடுங்கள், தப்பில்லை.

தேயிலை விலை சரிந்து கை கடித்தால் ஒரு காலாண்டை விட்டுவிடுங்கள், சங்கடப்பட வேண்டாம். 2028 ஜூனில் கணக்கு முதிரும். அந்த 2 லட்சத்தை அப்போது பேசிக்கொள்ளலாம்.