எமுலேட்டருக்கு எட்டாத லோக்கல்ஹோஸ்ட்

கேள்வி: என் மடிக்கணினியில் 3000-ஆம் போர்ட்டில் இயங்கும் சர்வர் பிரவுசரில் சரியாகத் திறக்கிறது. ஆண்ட்ராய்டு எமுலேட்டரில் (கணினிக்குள் கைபேசிபோல் இயங்கும் மென்பொருள்) உள்ள என் செயலியில் லோக்கல்ஹோஸ்ட் என்று கொடுத்தால் மட்டும் இணைப்பு மறுக்கப்படுகிறது. கைபேசியிலும் அதே நிலைதான். என்ன செய்வது?

பதில்: எமுலேட்டர் தனக்கென்று ஒரு நெட்வொர்க் கொண்ட தனிக் கருவி என்பதால், அதற்குள் லோக்கல்ஹோஸ்ட், அதாவது 127.0.0.1, என்பது எமுலேட்டரையே குறிக்கும். உங்கள் மடிக்கணினியை அன்று. மடிக்கணினியை அடைய 10.0.2.2 என்ற முகவரியைக் கொடுங்கள்.

கைபேசிக்கு இந்த முகவரி பயன்படாது. செட்டிங்ஸில் பில்டு எண்ணை ஏழு முறை தட்டி டெவலப்பர் ஆப்ஷன்ஸைத் திறந்து, யுஎஸ்பி டீபக்கிங்கை இயக்கி, கேபிளால் இணைத்தபின், டெர்மினலில் ‘ஏடிபி ரிவர்ஸ் டிசிபி:3000 டிசிபி:3000’ என்ற கட்டளையை ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்யுங்கள் (ஏடிபி என்பது கணினியிலிருந்து ஆண்ட்ராய்டு கருவிகளுக்குக் கட்டளையிடும் நிரல்). இது கைபேசியின் 3000-ஆம் போர்ட்டுக்கு வரும் இணைப்பை மடிக்கணினிக்குத் திருப்பிவிடுவதால், அதன்பின் கைபேசியில் லோக்கல்ஹோஸ்ட் என்றே எழுதலாம். எமுலேட்டரிலும் இது செல்லுபடியாகும் என்பதால், இரண்டுக்கும் ஒரே முகவரி போதும் என்ற வசதிக்காக நான் இதையே பரிந்துரைப்பேன். கேபிளைக் கழற்றினால் இந்த ஏற்பாடு நீங்கிவிடும். மீண்டும் இணைக்கும்போது கட்டளையையும் மீண்டும் கொடுக்க வேண்டும்.

இதற்குப் பிறகும் ‘கிளியர்டெக்ஸ்ட்’ என்ற சொல்லுடன் பிழைச்செய்தி வந்தால், காரணம் வேறு. ஆண்ட்ராய்டு 9 முதல், அந்தப் பதிப்பையோ அதற்குப் பிந்தையதையோ இலக்காகக் கொண்ட செயலிகளில், குறியாக்கமற்ற எச்டிடிபி இணைப்பு இயல்பாகவே தடுக்கப்படுகிறது. அதற்கான விலக்கை, சோதனைப் பதிப்புக்கான டீபக் கோப்புறையில் உள்ள மேனிஃபெஸ்டில் (செயலியின் அமைப்புகளைக் குறிக்கும் கோப்பு) மட்டும் எழுதுங்கள். முதன்மை மேனிஃபெஸ்டில் எழுதினால், பயனர்களுக்குச் செல்லும் பதிப்பிலும் அந்தக் கதவு திறந்தே இருக்கும்.