பண்டைய எகிப்திய ஜாடிகளின் மூடியில் விலங்குத் தலைகள் இருப்பது ஏன்?

இவற்றுக்குக் கனோபிக் ஜாடிகள் என்று பெயர். இறந்தவரின் உடலை மம்மியாக்கும்போது வெளியே எடுத்த உள்ளுறுப்புகளைப் பதப்படுத்தி வைத்த, மூடியுள்ள நான்கு ஜாடிகள். ஈரமான உறுப்புகள் உள்ளேயே இருந்தால் உடல் அழுகிவிடும். ஆனால் மறுமையில் அவையும் வேண்டுமே! அதனால் தனியே பத்திரப்படுத்தினார்கள்.

மூடியில் இருப்பவர்கள் ஹோரஸ் கடவுளின் நான்கு மகன்கள், அதாவது காவலர்கள். மனிதத் தலை கல்லீரலுக்கு, பபூன் குரங்கு நுரையீரலுக்கு, குள்ளநரி இரைப்பைக்கு, வல்லூறு குடலுக்கு. ஒரே மாதிரி டப்பாக்களில் எதில் என்ன இருக்கிறது என்று மூடியின் நிறத்தை வைத்தே கண்டுபிடிப்போம் அல்லவா, அதுபோலத்தான். என்ன, இங்கே மூடி காவலும் காக்கிறது.

தொடக்கத்தில் மூடிகள் வெறுமையாகவே இருந்தன. பிறகு மனிதத் தலைகள் வந்தன; விலங்குத் தலைகள் பரவியது அதற்கும் பின்னால்தான். 1922-ல் கண்டெடுக்கப்பட்ட எகிப்திய மன்னர் துட்டன்காமுன் கல்லறையில்கூட நான்கு மூடிகளும் மனித முகங்களே. பிற்காலத்தில் உறுப்புகளை உடலுக்குள்ளேயே திருப்பி வைத்தபோதும் ஜாடி வைக்கும் வழக்கம் போகவில்லை. உள்ளே ஒன்றுமில்லாத போலி ஜாடிகளையும் செய்து வைத்தார்கள்!

இதயமும் இந்த ஜாடிகளில்தான் இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, சிந்தனைக்கு இருப்பிடம் இதயமே என்று எகிப்தியர்கள் நம்பியதால் அதைப் பெரும்பாலும் உடலிலேயே விட்டுவிட்டார்கள்.