டியூபுலரை எடுத்துட்டு லித்தியம் போடலாமா? சேலம், ஏற்காடு வீட்டுக்காரங்க கேட்டதும் என் பதிலும்

இன்வெர்ட்டர், பேட்டரி மாட்டுறதுதான் எனக்கு தொழில். மாசாந்திர ஷட்டவுன் அன்னிக்கு காலைல 9 மணிக்கு போற கரண்டு சாயங்காலம்தான் வருது, அதான் தண்ணி ஊத்துற ஈய-ஆசிட் டியூபுலர் பேட்டரியை எடுத்துட்டு லித்தியம் பேட்டரி போடலாமான்னு எல்லாரும் கேக்குறீங்க.

அஸ்தம்பட்டி: தம்பி, எங்க வீட்டு 150 ஏஹெச் டியூபுலர் போயிடுச்சு. கடைல 100 ஏஹெச் லித்தியமே போதும்ங்கிறாங்க. கம்மி இல்லையா?

இல்லக்கா. ஏஹெச், அதாவது ஆம்பியர் அவர் மட்டும் பாக்காதீங்க, அதை வோல்ட்டால பெருக்குனா வர்ற வாட் அவர் எத்தனைன்னு கேளுங்க, பேட்டரில எவ்வளவு கரண்டு நிக்கும்னு அதுதான் சொல்லும். டியூபுலர் 12 வோல்ட், 150 ஏஹெச்னா 1800 வாட் அவர், ஆனா தினமும் பாதிக்கு மேல இறக்குனா சீக்கிரம் செத்துடும், அப்ப கைக்கு வர்றது 900தான். லித்தியம் 12.8 வோல்ட், 100 ஏஹெச்னா 1280, அதுல 90 சதவீதம் எடுக்கலாம், 1150 வந்துடுது. உங்க வீட்ல மூணு ஃபேன் 225 வாட், அஞ்சு எல்இடி லைட் 45, வைஃபை 10, ஆக மொத்தம் 280. இன்வெர்ட்டர் தின்னது போக லித்தியத்துல மூன்றரை மணி நேரம் ஓடும். ஆனா ஒண்ணு சொல்றேன், முதல்ல அந்த மூணு ஃபேனையும் 30 வாட் பிஎல்டிசியா, அதாவது கரண்டு கம்மியா தின்ற மோட்டார் ஃபேனா மாத்துங்க, அதே பேட்டரி ஆறரை மணி நேரம் நிக்கும். பெரிய பேட்டரிக்கு காசு போடுறதுக்கு முன்னாடி செய்ய வேண்டிய வேலை இதுதான்.

சூரமங்கலம்: பழைய இன்வெர்ட்டரோடவே லித்தியம் மாட்டலாமாண்ணா?

இங்கதான் நிறைய பேர் ஏமாந்து போறாங்க. இன்வெர்ட்டர்ல லித்தியம் மோடு இருந்தா கவலையே இல்ல. இல்லைன்னா புக்கை எடுத்து சார்ஜிங் வோல்டேஜ் எவ்வளவுன்னு பாருங்க தம்பி, 14.6க்கு மேல போகக்கூடாது, சில இன்வெர்ட்டர் டியூபுலர் மோடுல செல்லெல்லாம் சமமா நிறையட்டும்னு ஈக்வலைஸ்ங்கிற பேர்ல 15 வரைக்கும் ஏத்தும், அப்ப லித்தியம் பேட்டரிக்குள்ள காவலுக்கு இருக்குற பிஎம்எஸ் சர்க்யூட் சார்ஜிங்கை கட் பண்ணிடும். இன்னொன்னு, லித்தியம் வோல்டேஜ் கடைசி வரைக்கும் 13 கிட்டயே நிக்கும், அதனால பழைய இன்வெர்ட்டர் டிஸ்ப்ளேல காட்டுற சதவீதத்தை நம்பாதீங்க, பாதி இருக்குன்னு காட்டும்போதே பட்டுன்னு மொத்தமும் அணையும்.

அம்மாபேட்டை: ஸ்கூட்டர் எல்லாம் தீப்பிடிக்குதே, வீட்டுக்குள்ள வெக்க பயமா இருக்குங்க.

பயம் நியாயம்தான். லித்தியத்துலயே வகை இருக்கு. வீட்டுக்கு எல்எஃப்பி, அதாவது லித்தியம் அயன் பாஸ்பேட் மட்டும் வாங்குங்க, அதுல ஆக்சிஜன் பாஸ்பேட்டோட இறுக்கமா கட்டுண்டு இருக்கறதால என்எம்சிங்கிற இன்னொரு லித்தியம் வகை மாதிரி லேசுல கொதிச்சு கிளம்பாது. பில்லுல எல்எஃப்பின்னு எழுதி வாங்கிக்குங்க. அதுக்காக படிக்கட்டுக்கு அடியிலயும் கட்டிலுக்கு பக்கத்துலயும் வெக்காதீங்க, ஏதாவது ஆச்சுன்னா வெளிய ஓடுற வழி அடைபட்டுடும். மொட்டை மாடி தகர ஷெட்டும் வேண்டாம், சித்திரை வெயில்ல அது அடுப்பு, பேட்டரி ஆயுசு பாதி அங்கயே போயிடும்.

ஏற்காடு: எஸ்டேட் வீடுங்க. மழைல மரம் சாஞ்சா ராத்திரி பூரா கரண்டு இல்ல. குளிர் லித்தியத்துக்கு ஆகாதாமே?

0 டிகிரிக்கு கீழ சார்ஜ் பண்ணாதான் கெடும், ஏற்காட்டு குளிர் அவ்வளவு இறங்காதுங்க. உங்களுக்கு வேற ரெண்டு விஷயம் முக்கியம். ஒண்ணு சார்ஜர், கரண்டு வந்துட்டு வந்துட்டு போற ஊர்ல 10 ஆம்பியர் சார்ஜர் வெச்சா 100 ஏஹெச் நிறைய 10 மணி நேரம் ஆகும், லித்தியம் 50 ஆம்பியர் கூட தாங்கும், ஆனா இன்வெர்ட்டர் தரணும்ல. ரெண்டாவது இடி. நல்ல எர்த்திங், மெயின் போர்டுல இடியால திடீர்னு ஏறுற வோல்டேஜை தடுக்குற சர்ஜ் ப்ரொடெக்டர், இது ரெண்டும் இல்லாம மலைல லித்தியம் மாட்ட நான் ஒத்துக்க மாட்டேன்.

கொண்டலாம்பட்டி: லோக்கல்ல அசெம்பிள் பண்ணது ரொம்ப சீப்பா வருதேண்ணா?

நானே ஏமாந்திருக்கேன் தம்பி, மனசு ஆறல இன்னும். 100 ஏஹெச்னு ஸ்டிக்கர் ஒட்டி ஒரு கடைல குடுத்தாங்க, 200 வாட் குண்டு பல்பு எரியவிட்டு பாத்தேன், 5 மணி நேரம் தாண்டணும், 3 மணி 20 நிமிஷத்துல அணைஞ்சுது, இன்வெர்ட்டர் தின்னதையும் சேத்து கணக்கு போட்டா 60 ஏஹெச் சொச்சம்தான். வாங்குன வாரமே இந்த டெஸ்ட்டை செஞ்சிடுங்க. எடையும் பாருங்க, 100 ஏஹெச் எல்எஃப்பி 10 கிலோவுக்கு மேல இருக்கும், 6 கிலோன்னா உள்ள சரக்கு இல்ல.

செவ்வாய்பேட்டை: கொலுசு பட்டறை மோட்டார் ஓடுமா?

ஓடும், ஆனா ஸ்டார்ட் ஆகும்போது அஞ்சாறு மடங்கு இழுக்கும், பிஎம்எஸ் ட்ரிப் ஆயிடும். மோட்டார் பிளேட்டை போட்டோ எடுத்து அனுப்புங்க, பாத்துட்டு சொல்றேன்.

ஆத்தூர்: வாரத்துல அரை மணி நேரம்தான் போகுது, நானும் மாத்தணுமா?

வேண்டாங்க. டியூபுலருக்கு தண்ணி ஒழுங்கா ஊத்துங்க, அதுவே போதும்.

ஓமலூர்: பழசையும் புதுசையும் சேர்த்து பேரலல்ல போட்டுக்கலாமா?

கூடவே கூடாது, ரெண்டுக்கும் சார்ஜ் வோல்டேஜே வேற. பழைய டியூபுலரை எக்ஸ்சேஞ்சுல குடுத்துடுங்க, ஈயத்துக்கு நல்ல விலை உண்டு. எடை குறையட்டும்னு ஆசிட்டை சாக்கடைல மட்டும் கொட்டிடாதீங்க, அப்படியே தூக்கிட்டு போய் குடுங்க.