வேலை பழகியதும் போய்விடுகிறார்கள், என்ன செய்வது?

கேள்வி: சிறிய மென்பொருள் நிறுவனம் நடத்துகிறேன். புதியவர்களை எடுத்து ஆறேழு மாதம் கற்றுக்கொடுக்கிறோம். வேலை கைவந்ததும் கூடுதல் சம்பளத்துக்கு வேறு இடம் போய்விடுகிறார்கள். இனி அனுபவசாலிகளை மட்டும் எடுக்கலாமா? இல்லை, புதியவர்களிடம் இத்தனை ஆண்டு இருப்பேன் என்று எழுதி வாங்கலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம் என்பேன்.

முதலில் அனுபவசாலிகள். மேத்யூ பிட்வெல் என்ற ஆய்வாளர் ஒரு முதலீட்டு வங்கியின் ஊழியர் பதிவுகளை ஆராய்ந்து 2011-இல் முடிவுகளை வெளியிட்டார். உள்ளேயிருந்து பதவி உயர்ந்தவர்களைவிட, அதே மாதிரிப் பதவிக்கு வெளியிலிருந்து வந்தவர்கள் சுமார் 18 சதவீதம் அதிகச் சம்பளம் வாங்கினார்கள். ஆனால் முதல் இரண்டு ஆண்டுகளில் அவர்களுடைய பணி மதிப்பீடு குறைவாகவே இருந்தது. வேலையை விட்டுப் போனதும் அவர்கள்தான் அதிகம். படிப்பும் அனுபவமும் விண்ணப்பத்தில் கண்ணுக்குத் தெரியும். அந்த இடத்து வேலைமுறை தெரியுமா என்பது தெரியாது.

உங்கள் சிக்கலின் வேர் வேறு இடத்தில் இருக்கிறது. பொருளியலாளர் கேரி பெக்கர் 1960-களில் திறனை இரண்டாகப் பிரித்தார்: எங்கும் விலைபோகும் திறன், ஒரு நிறுவனத்துக்குள் மட்டும் பயன்படும் திறன். நிரல் எழுதுவது முதல் வகை. அதைக் கற்கும் காலத்தில் ஊழியர் குறைந்த சம்பளத்துக்கு வேலை செய்கிறாரே, பயிற்சிச் செலவில் தன் பங்கை அப்போதே கொடுத்துவிடுகிறார். எட்டாவது மாதத்தில் அவருடைய சந்தை மதிப்பு ஏறிவிடுகிறது. நீங்களோ ஆண்டு முடிவில்தான் சம்பளத்தைப் பார்க்கிறீர்கள். இடைப்பட்ட மாதங்களில்தான் ஆள் போகிறார். அவரைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை.

அதனால் சம்பள உயர்வை நாட்காட்டியோடு கட்டாமல் திறனோடு கட்டுங்கள். தனியாக ஒரு வேலையை முடிக்கத் தொடங்கிய மாதமே உயர்த்துங்கள், அவர் கேட்கும்வரை காத்திருக்காமல். எல்லோருக்கும் ஒரே சதவீதமும் வேண்டாம். யார் உண்மையில் கெட்டிக்காரர் என்பது வெளியாருக்குத் தெரியும் முன்பே உங்களுக்குத் தெரியும். சிறிய நிறுவனத்துக்கு இதைவிடப் பெரிய அனுகூலம் கிடையாது. பலர் இதை வீணாக்குவதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது.

எழுதி வாங்கினால் வேறு வாய்ப்பு இல்லாதவர்தான் தங்குவார். இடையில் விலகினால் கட்ட வேண்டிய தொகையைத் திறமைசாலிக்காகப் புது நிறுவனமே கட்டிவிடும். அந்த நிபந்தனையைப் பார்த்தே நல்லவர்கள் சிலர் விண்ணப்பிக்கவும் மாட்டார்கள்.

அப்புறம், ஆள் எடுக்கும் முறை. பழைய ஆய்வுகளைத் திரும்பக் கணக்கிட்டு 2022-இல் வந்த ஒரு தொகுப்பாய்வில், எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு ஒரே அளவுகோலில் மதிப்பெண் போடும் நேர்காணல்தான் வேலைத்திறனை மிக நன்றாகக் கணித்தது. அனுபவ ஆண்டுகளின் எண்ணிக்கை வெகுவாகப் பின்தங்கியது. நேர்காணலோடு, கூலி கொடுத்து ஒரு சின்ன வேலையையும் செய்யச் சொல்லிப் பாருங்கள்.

நன்றாக நிரல் எழுதுகிறார் என்பதற்காக மட்டும் ஒருவரை மேலாளராக்காதீர்கள். நிரல் வேலையிலேயே சம்பளம் ஏற வழி வையுங்கள்.

இந்த வாரமே ஒன்று செய்யலாம். கடந்த இரண்டு ஆண்டுகளில் போனவர்கள் ஒவ்வொருவரும் எந்த மாதம் தனியாக வேலை செய்யத் தொடங்கினார், எந்த மாதம் சம்பளம் உயர்ந்தது, எந்த மாதம் விலகினார் என்று ஒரு தாளில் எழுதுங்கள். முதல் இரண்டுக்கும் இடையே எத்தனை மாதம் இருக்கிறதோ, அதைத்தான் நீங்கள் குறைக்க வேண்டும்.