லெகோ கட்டையில் வாசல் கோலம்: கேள்வி பதில்

இந்தப் பொங்கலுக்குக் காவேரிப்பட்டணத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் லெகோ கட்டைகளால் (ஒன்றோடொன்று கோத்துக் கட்டும் பிளாஸ்டிக் விளையாட்டுக் கட்டைகள்) செய்த 15 புள்ளிக் கோலம் ஒன்றை வைத்திருந்தேன். நேரில் பார்த்தவர்களும் படத்தில் பார்த்தவர்களும் கேட்டவற்றுக்கு ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன். கட்டையின் தலையில் துருத்திக்கொண்டிருப்பதைக் குமிழ் என்றும், எல்லாவற்றையும் தாங்கும் பெரிய அடித்தட்டைப் பலகை என்றும், தலையில் குமிழ் இல்லாத வழவழப்பான சில்லை டைல் என்றும் சொல்லியிருக்கிறேன்.

பாலக்கோடு, எட்டாம் வகுப்பு மாணவி: அக்கா, 15 புள்ளி நேர்ப்புள்ளிக் கோலம் போடப் பார்க்கிறேன். நடுப்புள்ளி நடுவில் வரவே மாட்டேன் என்கிறது. பலகை கோணலா, நான் எண்ணுவது தப்பா?

இரண்டும் இல்லை, பாப்பா. பலகைகளில் ஒரு வரிசைக்குக் குமிழ்கள் 32, 48 என்று இரட்டைப்படையில்தான் இருக்கும். 15 ஒற்றைப்படை. ஒரு குமிழை ஒரு புள்ளியாக எடுத்துக்கொண்டால் நடு என்பது இரண்டு குமிழ்களுக்கு இடையில் போய் விழுந்துவிடும். நானும் முதல் கோலத்தை இப்படித்தான் மூன்று முறை பிரித்தேன்.

வழி இதுதான். ஒரு புள்ளிக்கு ஒரு குமிழ் வேண்டாம். 2-க்கு 2 வட்ட டைல் ஒன்றை வை. அடுத்த புள்ளிக்கு முன் ஒரு குமிழ் இடைவெளி விடு. இப்போது எண்ணிப் பார்: 15 புள்ளிக்கு 30 குமிழ், இடைவெளிகளுக்கு 14, ஆக 44. 48 பலகையில் பக்கத்துக்கு 2 குமிழ் மிச்சம். எட்டாவது புள்ளி 24, 25 ஆகிய குமிழ்களின் மேல் கச்சிதமாக உட்காரும். அதுதான் பலகையின் நட்டநடு. இடையில் விட்ட ஒற்றைக் குமிழ் வரிசைகளில் கோடு ஓடும், சுற்றி மிஞ்சிய இரண்டில் செங்காவிக் கரை கட்டலாம்.

முழுக் கோலத்தையும் தாளில் வரையாதே. 24-க்கு 24 கட்டம், அதாவது கால் பாகம் மட்டும் கட்டத் தாளில் வரைந்து, தாளைத் திருப்பித் திருப்பி வைத்துக் கட்டு.

ஊத்தங்கரை, ஆசிரியை: நேர்ப்புள்ளி சரி. ஊடுபுள்ளி எப்படி? குமிழ்கள் எல்லாம் சதுரத்தில் அல்லவா நிற்கின்றன?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது, டீச்சர். ஊடுபுள்ளியில் அடுத்தடுத்த மூன்று புள்ளிகள் சமபக்க முக்கோணமாக நின்றால்தான் அறுகோணப் பூவும் நட்சத்திரமும் விரியும். சதுரக் கட்டத்தில் அது துல்லியமாக வராது. ஆனால் மிக அருகில் வரும். ஒரே வரிசையில் புள்ளிக்குப் புள்ளி 8 குமிழ் தள்ளுங்கள். அடுத்த வரிசையை 7 குமிழ் கீழே இறக்கி, 4 குமிழ் பக்கவாட்டில் நகர்த்துங்கள். குமிழுக்குக் குமிழ் 8 மில்லிமீட்டர். ஆகவே படுக்கைப் பக்கம் 64 மில்லிமீட்டர், சாய்ந்த பக்கம் ஏறத்தாழ 64.5. அந்த அரை மில்லிமீட்டரை எந்தக் கண்ணும் கண்டுபிடிக்காது.

அகலத்தில்தான் கவனம் வேண்டும். 5 புள்ளி, 3 வரை ஊடுபுள்ளி 48 பலகையில் தாராளமாக அமையும். நடு வரிசை 7 புள்ளி என்றால் 2-க்கு 2 டைல் வைக்கும்போது 50 குமிழ் ஆகிவிடும். இரண்டாவது பலகையை ஒட்டித்தான் ஆக வேண்டும்.

அரூர், ஓர் அம்மா: வளைவு இல்லாமல் சிக்குக் கோலம் ஏது?

கால்வட்ட டைல் இருக்கிறது அம்மா, 2-க்கு 2 அளவில். நான்கைச் சேர்த்தால் 4 குமிழ் அகலத்தில் ஒரு வளையம். உள்ளே 2-க்கு 2 வட்ட டைல் இடைவெளி இல்லாமல் உட்காரும்; புள்ளியைச் சுற்றி இழை போனது போலவே இருக்கும். இழையும் இழையும் வெட்டும் இடம்தான் பாடு. கால்வட்டங்கள் அங்கே முதுகோடு முதுகு தொட்டு நிற்குமே தவிர, ஒன்றையொன்று கடந்து போகாது. அந்த இடத்துக்கு மட்டும் 3-க்கு 3 இடம் ஒதுக்கி, ஐந்து ஒற்றை டைல்களைப் பெருக்கல் குறியாக வைக்கிறேன். தள்ளி நின்றால் இழை ஓடுவது தெரியும். ஆனாலும் விரலிடுக்கில் மாவு வழிந்து வரும் அந்த ஓட்டம் கட்டையில் வராது. சிக்குக் கோலத்தை நான் இன்னும் வாசலில்தான் போடுகிறேன்.

கிருஷ்ணகிரி, தந்தை: என் மகன் மாங்கனிக் கண்காட்சியில் பார்த்த தோத்தாபுரிப் பழத்தைக் கட்டினான். பச்சையும் மஞ்சளும் கலந்து வர வேண்டிய இடம் சதுரங்கப் பலகை மாதிரி இருக்கிறது.

பச்சையையும் மஞ்சளையும் ஒன்றுவிட்டு ஒன்று வைத்திருப்பார். அச்சுப் படத்தில் அது கலந்துவிடும், ஏனென்றால் அங்கே புள்ளி மிகச் சிறியது. இங்கே ஒரு புள்ளி 8 மில்லிமீட்டர். அது கண்ணுக்கு முழுதாகக் கலந்து தெரிய 25 மீட்டருக்கு மேல் தள்ளிப்போக வேண்டும். வீட்டுக் கூடத்தில் அதற்கு இடம் ஏது? சிறிய படத்தில் நிறத்தைக் கலக்கவே வேண்டாம். கரும்பச்சை, இளம்பச்சை, மஞ்சள் என மூன்று பட்டைகள் போதும். பட்டைகள் சேரும் ஓரத்தை மட்டும் படிப்படியாக வெட்டச் சொல்லுங்கள். தோத்தாபுரியை அடையாளம் காட்டுவது நிறமில்லை, கிளி மூக்கு போன்ற அந்த நுனி. அந்த நுனிக்கு நாலைந்து குமிழ் கூடுதலாகக் கொடுத்தால் இது எந்தப் பழம் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

ஓசூர்: வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது. தரையில் வைத்துக் கட்டலாமா?

கூடாது. ஒற்றைக் குமிழ்ச் சில்லு தொண்டையில் போய் அடைத்துக்கொள்ளும். மூன்று வயது ஆகும்வரை உயரமான மேசையில் கட்டுங்கள், எழும்போது எண்ணிப் பெட்டியில் மூடுங்கள்.

பென்னாகரம், கல்லூரி மாணவர்: வேறு நிறுவனங்களின் கட்டைகள் விலை குறைவு. கலந்து கட்டலாமா? அது போலிப் பொருள் ஆகாதா?

லெகோ என்ற பெயரை அச்சிட்டு ஏமாற்றினால்தான் போலி, தம்பி. இன்றைய கட்டைக்கு டென்மார்க்கில் காப்புரிமை கேட்டது 1958-ல். அதன் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. கட்டையின் வடிவத்தையே வணிகச் சின்னமாகப் பதிந்துவைக்க முடியாது என்று ஐரோப்பிய நீதிமன்றமும் 2010-ல் சொல்லிவிட்டது. 8 மில்லிமீட்டர் அளவில் செய்த கட்டைகள் ஒன்றோடொன்று பொருந்தும். ஆனால் ஒரே நிறத்தை இரண்டு இடத்தில் வாங்காதீர்கள். இரண்டு வெள்ளையும் பெட்டியில் ஒன்றாகத் தெரியும். சுவரில் மாட்டியபின் ஒன்று பாலாகவும் மற்றொன்று மோராகவும் நிற்கும்.

தர்மபுரி, அக்கா ஒருவர்: சேலத்தில் உள்ள மகளுக்குக் கட்டிக் கொடுக்க வேண்டும். பஸ்ஸில் எடுத்துப்போனால் தாங்குமா?

நான் ஒருமுறை மடியில் வைத்துக்கொண்டு போனேன் அக்கா. தொப்பூர் இறக்கத்தில் பஸ் குலுங்கியபோது பலகை வில்லாக வளைந்து, ஒரு மூலை முழுவதும் படபடவென்று கழன்று இருக்கைக்கு அடியில் ஓடிவிட்டது. 48 பலகை வெறும் மெல்லிய தகடு, கீழே பிடிமானமே இல்லை. அதை முதலில் ப்ளைவுட்டில் திருகி இறுக்குங்கள். இல்லையென்றால் 16-க்கு 16 தடித்த தட்டு ஒன்பதைச் சேர்த்து 48 ஆக்குங்கள். தனித்தனியாகக் கழற்றி, துணி சுற்றிப் பையில் கொண்டுபோய் அங்கே கோக்கலாம். பசை போடாதீர்கள். அடுத்த பொங்கலுக்கு மகள் வேறு கோலம் கட்ட அதே சில்லுகள்தான் வேண்டும். மேற்கு வெயில் விழும் சுவரிலும் மாட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள்; வெள்ளைப் புள்ளிகள்தான் முதலில் மஞ்சளாகும்.