சிலிண்டர் நாத்தனார் கடைக்கு, புகை மாமியாருக்கு

கேள்வி: கணவர் விசைத்தறித் தொழிலாளி, மாதம் 18,000 ரூபாய் சம்பளம். 62 வயது மாமியாருக்கு மூச்சிரைப்பு, மருந்துக்கு மாதம் 1,200 ஆகிறது. போன மழைக்காலத்தில் ஆஸ்பத்திரிச் செலவுக்காக அடகுக் கடையில் இரண்டு வட்டிக்கு 40,000 வாங்கினோம். இப்போது ஏஜென்ட் ஒருவர், 24,000 பிரீமியத்தில் மாமியாருக்கு மருத்துவக் காப்பீடு எடுக்கச் சொல்கிறார். எடுக்கலாமா? எங்களுடைய உஜ்வாலா சிலிண்டர் பெரும்பாலும் நாத்தனார் வீட்டுக்காரரின் டீக்கடைக்குப் போகிறது. மானியம் போக ஆகும் 600 ரூபாயை அவர் தந்துவிடுவதால் நஷ்டம் இல்லை. நாங்கள் கிலோ 6 ரூபாய்க்கு விறகு வாங்கிச் சமைக்கிறோம்.
- ஒரு வாசகி, நாமக்கல் மாவட்டம்

பதில்: காப்பீட்டைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு உறுத்துவது கடைசியில் போகிறபோக்கில் எழுதிய 'நஷ்டம் இல்லை'தான்.

மண் அடுப்பில் விறகுச் சூட்டில் எட்டில் ஒரு பங்கு பாத்திரத்துக்குப் போனாலே அதிகம். ஒரு கிலோ கேஸ் செய்கிற வேலைக்குப் பத்து கிலோவுக்கு மேல் விறகு வேண்டும். உங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு 5 கிலோ எரியும் என்று வைத்தால் மாதம் 900 ரூபாய். அதே சமையலுக்கு ஒரு சிலிண்டர் 40 நாள் வரும். மாதக் கணக்கில் 450. விறகு மலிவு என்பது காட்டில் பொறுக்கி வந்த காலத்துக் கணக்கு.

அப்புறம் மருந்து. பீடியைத் தொடாத பெண்களுக்கும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் வருவதற்கு அடுப்புப் புகை ஒரு முக்கியக் காரணம். விறகை நிறுத்தினால் மருந்துச் செலவு பூஜ்யமாகிவிடாது, கெட்ட நுரையீரல் பழையபடி ஆகாது. ஆனால் மேலும் கெடும் வேகம் குறையும், அடுத்த அட்மிஷனைத் தள்ளிப்போடலாம். போன அட்மிஷனுக்குத்தான் இன்னும் மாதம் 800 வட்டி கட்டுகிறீர்கள்.

டீக்கடைக்கு முறைப்படி 19 கிலோ வணிக சிலிண்டர்தான் வாங்க வேண்டும். கிலோவுக்கு உங்கள் விலையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் ஆகும். அந்த லாபம் மொத்தமும் அவருக்கு. சோதனையில் மாட்டினால் இணைப்பு உங்கள் பெயரில் இருக்கிறது, பதில் சொல்ல வேண்டியது நீங்கள்.

காப்பீடு வேண்டாம். ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று ஆண்டு வரை காத்திருப்பு வைப்பார்கள். மாதாந்திர மருந்துச் சீட்டுக்குப் பெரும்பாலும் பணம் வராது. ஏஜென்ட் இதைச் சொன்னாரா? அந்த 24,000 கையில் இருந்தால் நகைக் கடனில் கட்டுங்கள், மீதியை வங்கி நகைக் கடனுக்கு மாற்றுங்கள். வருடத்துக்கு 24 சதவீதம் கட்டுகிற இடத்தில் அதில் பாதிகூட ஆகாது. இண்டக்‌ஷன் அடுப்பை இஎம்ஐயில் வாங்கச் சொல்லி யாராவது வந்தால் அதுவும் இப்போதைக்கு வேண்டாம்.

நாத்தனாரிடம் எப்படிச் சொல்வது என்ற சங்கடம் புரிகிறது. நீங்கள் சொல்ல வேண்டாம், மாமியாரே சொல்லட்டும். மகளிடம் அவருக்கு இல்லாத உரிமையா? சிலிண்டர் வரும்போது ஓடிபி உங்கள் போனுக்குத்தானே வருகிறது? அதை டீக்கடைக்குச் சொல்லாதீர்கள்.