சருகுக்கு அடியில் இருந்தவை எங்கே போயின?

வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து பார்த்தால் தெரியும் மலையில் மாசி மாதம் இரண்டு நாள் தீ எரிந்தது. "யானையும் மானும் ஓடிடும் டீச்சர், மரவட்டையும் தேளும் எங்க ஓடும்?" என்று ஆறாம் வகுப்புப் பையன் கேட்டுவிட்டான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.
ஆசிரியை ஒருவர், அஞ்செட்டி

பதில்: முதலில் அந்தப் பையனைத் தட்டிக்கொடுங்கள் டீச்சர். பெரியவர்களே போடாத கணக்கு இது. ஆஸ்திரேலியாவில் 2019-20இல் எரிந்த தீயில் சுமார் 300 கோடி விலங்குகள் பாதிக்கப்பட்டதாகச் சொன்னார்கள் அல்லவா, அதில் பாலூட்டி, பறவை, ஊர்வன, தவளை மட்டும்தான் சேர்த்தி. நத்தை, சிலந்தி, வண்டு ஒன்றுகூட அந்தக் கணக்கில் வரவில்லை.

மேல் பக்கமாகத் தப்பிக்கிறவை குறைவு. வெட்டுக்கிளி போலப் பறக்கிறவை கிளம்பிவிடும், ஆனால் தீயின் ஓரத்திலேயே இரட்டைவால் குருவிகள் காத்திருந்து கொத்திக்கொண்டு போகும். மற்றவற்றுக்கு ஒரே வழி கீழே போவதுதான், அங்கே மண் காப்பாற்றுகிறது. மண் சூட்டை அவ்வளவு சுலபத்தில் உள்ளே விடாது. மேலே சருகு சில நூறு டிகிரியில் எரிந்தாலும், தீ நிற்காமல் கடந்துபோய்விட்டால் நாலு விரல் ஆழத்தில் பெரிதாகச் சுடாது. அதனால் புற்றுக்குள் இருக்கும் கறையான், ஆழக் கூடு கட்டிய எறும்பு, வளைக்குள் போன தேள், கோடையில் அடிமண்ணில் முடிச்சு மாதிரி சுருண்டு கிடக்கும் மண்புழு எல்லாம் பெரும்பாலும் பிழைத்துவிடும்.

பிழைக்காதது நத்தை. வெயில் காலத்தில் அது ஓட்டின் வாயைத் தன் சளியாலேயே அடைத்துக்கொண்டு சருகுக்குள் தூங்கும். ஒருமுறை எரிந்த சரிவு ஒன்றில் நடந்தபோது கருப்புச் சாம்பலில் வெள்ளை வெள்ளையாக ஏதோ கிடந்தது, சுண்ணாம்புக் கல் என்று நினைத்து எடுத்தேன், விரலுக்கு நடுவில் பொடியாகிவிட்டது. நத்தை ஓடு! நாலடிக்குள் பதினோரு ஓடுகள் எண்ணினேன். அதற்கு மேல் எண்ண மனசு வரவில்லை.

விழுந்து கிடக்கும் பெரிய மரம் இன்னும் மோசம். சருகுத் தீ நிமிடக் கணக்கில் போய்விடும், கட்டை நாள் கணக்கில் கனன்றுகொண்டே இருக்கும், அதன் சூடு மண்ணுக்குள் ஆழமாக இறங்கும். பூரான், தேள், வண்டுப் புழு எல்லாம் பதுங்க ஓடுவதோ அந்தக் கட்டைக்கு அடியில்தான்.

சரி, தீ அணைந்தால் ஆபத்து தீர்ந்ததா என்றால், தப்பித்தவைக்கு அங்கேதான் ஆரம்பம். நிழலும் ஈரமும் தீனியும் ஆன சருகு இப்போது இல்லை. கருகிய தரை வெயிலை அப்படியே குடித்துக் கொதிக்கும். மரவட்டையின் தோலுக்கு ஈரத்தைப் பிடித்துவைக்கும் சக்தி குறைவு, அது தின்பதும் மக்கும் சருகைத்தான். தீயில் தப்பியது அடுத்த சில வாரத்தில் காய்ந்து போகும். உங்கள் மாணவனுக்கு இதைத்தான் சொல்ல வேண்டும்: தீயைவிட, தீக்குப் பிறகு சருகு இல்லாமல் போவதுதான் பெரிய அடி.

திரும்பி வருவது, எரியாமல் மிச்சமான இடங்களிலிருந்து. ஓடைக்கரை, பாறை இடுக்கு, தீ தாண்டிப்போன திட்டு இவைதான் விதைப்பெட்டி. எறும்பும் ஓடி வேட்டையாடும் சிலந்தியும் சீக்கிரம் வந்துவிடும். நத்தையும் மரவட்டையும் எத்தனை தூரம்தான் நடக்கும்? நம் மாவட்டக் காடுகள் இலையுதிர் காடுகள், எப்போதாவது வரும் லேசான தீயைத் தாங்கி மீளும். வருஷா வருஷம் எரிந்தால் சருகு சேரவே நேரமில்லை. உண்ணிச்செடி புதராக மண்டிய இடத்தில் தீ இன்னும் உயரமாக, இன்னும் சூடாக எரிகிறது.

வகுப்பில் செய்து காட்ட ஒன்று: ஒரு பிளாஸ்டிக் பாட்டிலின் மேல்பாதியை வெட்டித் தலைகீழாகப் புனல் போல வைத்து, கொசுவலைத் துண்டு போட்டு, மேலே தோப்பில் எடுத்த ஈரச் சருகு இரண்டு கை அள்ளிப் போடுங்கள். அடியில் ஒரு கிண்ணம். மேலே ஒரு குண்டு பல்பை எரியவிடுங்கள், சருகில் படாமல். இரண்டு மூன்று நாளில், சூட்டுக்கும் வறட்சிக்கும் பயந்து கீழே கீழே போகும் பூச்சிகள் கிண்ணத்தில் விழும். கடுகைவிடச் சின்னதாகத் துள்ளும் ஸ்பிரிங்டெயில்களும் இருக்கும், லென்ஸ் கொடுங்கள். தீயில் நடப்பதும் இதேதான் என்று அப்புறம் சொல்லுங்கள்.

கேள்வி: நாங்கள் ஆடு மேய்க்கிற குடும்பம். தீ வைத்தால் நல்ல புல் வரும், ஆட்டு மேல் ஒட்டும் உண்ணியும் செத்துப்போகும் என்று எங்கள் தாத்தா சொல்வார். நிஜமா?
வாசகர் ஒருவர், பென்னாகரம்

பதில்: தாத்தா பார்த்ததைத்தான் சொல்லியிருக்கிறார். சாம்பல் சத்தில் புதுத் துளிர் வரும், சருகில் இருந்த உண்ணியில் பெரும்பகுதி சாகும். ஆனால் அந்தத் துளிரைத் தின்ன மானும் வரும், பக்கத்து ஊர் ஆடும் வரும், வரும்போதே உடம்பில் உண்ணியைக் கொண்டு வரும். சத்தும் அந்த ஒரு பருவத்துக்குத்தான். முதல் பெருமழையில் மூடாக்கு இல்லாத மேல்மண்ணும் சாம்பலும் சேர்ந்து ஓடைக்குப் போய்விட்டால், சருகை மக்கவைத்து மறுபடி சத்து கொடுக்க மரவட்டையும் இருக்காது. 1882ஆம் ஆண்டு வனச் சட்டப்படி காப்புக்காட்டில் தீ வைப்பது குற்றம், வழக்கு உங்கள் மேல்தான் வரும். உண்ணிக்குக் கால்நடை மருத்துவரிடம் மருந்து கேளுங்கள் தம்பி.

கேள்வி: மாந்தோப்புச் சருகை மரத்தடியிலேயே கூட்டி எரிக்கலாமா?
வாசகி ஒருவர், கிருஷ்ணகிரி

பதில்: வேண்டாம் அம்மா. குவித்து எரித்தால் தீ ஒரே இடத்தில் நின்று எரியும், காட்டில் கட்டை கனன்றதைச் சொன்னேனே, அதே கதைதான். மேல் வேரும் மண்புழுவும் சேர்ந்து வேகும். தண்டை ஒட்டி ஒரு முழம் விட்டுச் சருகை மூடாக்காகப் பரப்புங்கள். நோய் வந்த கிளையை மட்டும் தோப்புக்கு வெளியே, வெறுந்தரையில் எரியுங்கள்.